எடுக்காத ஷாட்

பேய்க் கதை என்றதும் எல்லாரும், "ராத்திரி எத்தனை மணிக்கு?" என்றுதான் கேட்கிறார்கள். ராத்திரி இல்லை. பட்டப்பகல். உச்சி வெயிலில் கரிசல் காட்டில் ஒரு காக்கைகூடக் கத்தாது. அந்த அமைதியில் தனியாக நின்று பார்க்காதவர்கள்தான் இருட்டைப் பற்றிப் பெரிதாகப் பேசுவார்கள்.

2006 செப்டம்பர், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணிக்கு நாங்கள் நான்கு பேர் வாடகை வேனில் சோளங்குளம் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய் இறங்கினோம். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்போம். எட்டயபுரம் ரோட்டிலிருந்து பிரிந்து, வெடித்துக் கிடந்த நிலத்துக்கு நடுவே வண்டித்தடம் போகும். அதன் முடிவில் ஓடு சரிந்த நீளக் கட்டடம், சுற்றிலும் சீமைக்கருவேலம், பின்னால் கிணறு. ஆபீசைப் பூட்டிப் பத்து வருஷம் ஆகியிருந்தது.

நான் ராமலட்சுமி. கோவில்பட்டியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கேமராவும் நானே, எடிட்டிங்கும் நானே. பொம்பளை கேமரா பிடிப்பதா என்று மூக்கில் விரல் வைத்தவர்கள் வீட்டுக் கல்யாணத்தை எல்லாம் நான்தான் எடுத்தேன். என் வீட்டுக்காரர் அழகிரிசாமி லைட் பிடிப்பார், ஒயர் சுருட்டுவார், பேசமாட்டார். எங்கள் தொழிலில் சட்டம் ஒன்றே ஒன்றுதான்: யார் முகமும் விட்டுப்போகக் கூடாது. ஒரு சித்தப்பா முகம் கேசட்டில் இல்லையென்றால் மறுநாள் கடை வாசலில் சண்டை.

மூன்றாவது ஆள் ஜெயகிருஷ்ணன். இன்சூரன்ஸ் ஏஜெண்ட். வாடகை சிடியில் உலகப் படமெல்லாம் பார்த்து மண்டை காய்ந்த பையன். பன்னிரண்டு நிமிஷத்தில் ஓர் அரசியல் த்ரில்லர் குறும்படம் எடுக்கப்போகிறேன் என்று என்னிடம் வந்தான். கையில் ஒரு நோட்டு. நோட்டு முழுக்கச் சட்டங்கள்.

"வில்லன் முகத்தக் காட்டவே கூடாதுக்கா. செருப்பு, வேட்டிக் கரை, மோதிரம் போட்ட கை, அவ்வளவுதான். அதிகாரத்துல இருக்கவனக் கீழ இருந்து எடுக்கணும். அப்பத்தான் ஓங்கித் தெரிவான். சாகப்போற ஆளை மேல இருந்து எடுக்கணும். கேமராவச் சாய்ச்சா பயம் வரும். போன் அடிச்சு யாரும் எடுக்கலன்னா பயம் வரும்."

"எங்க வீட்டுல அது தினமும் நடக்கு தம்பி. ஒரு பயமும் வரல" என்றேன். வில்லனின் காலாக நடிக்க என் வீட்டுக்காரரைத் தேர்ந்தெடுத்திருந்தான். அவர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே தலையாட்டினார்.

நான்காவது ஆள் இசக்கிசெல்வி. இருபத்துநாலு வயசு. இந்தக் கதை அவள் அம்மா சுடலையம்மாளின் கதை.

1996-இல் சோளங்குளம் பஞ்சாயத்துத் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி கண்ணபிரான் தன் வீட்டம்மாவைப் போட்டியில்லாமல் உட்கார வைக்க நினைத்தார். அவர் ஆபீசில் குச்சி அடுக்குகிற சுடலையம்மாள் போய் மனுத்தாக்கல் செய்துவிட்டாள். வாபஸ் வாங்கக் கடைசி நாள், மத்தியானம், பேச வா என்று ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். போனாள். சாயங்காலம் பின்பக்கக் கிணற்றில் கிடந்தாள். தண்ணீர் எடுக்கும்போது வழுக்கி விழுந்ததாகக் காகிதத்தில் எழுதி மூடிவிட்டார்கள். செல்விக்கு அப்போது பதினாலு வயசு.

ஜெயகிருஷ்ணன் படமும் இதைப் பற்றித்தான்; ஆனால் ஊர்ப் பெயர் இல்லை, ஆள் பெயர் இல்லை. வெளியே நடிகை தேடிக்கொண்டிருந்தான். செல்வி தானாக வந்து, "எங்கம்மாவா நான் நடிக்கேன்" என்றாள்.

அன்று காலை நான் ஒரு தப்புச் செய்தேன். கல்யாண வீடியோக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. புதுக் கேசட் போட்டால் முதல் ஷாட் பிள்ளையார் படம், விளக்கேற்றி, பத்து விநாடி. அதற்கப்புறம்தான் மாப்பிள்ளையோ பெண்ணோ. பதினைந்து வருஷப் பழக்கம். பையிலிருந்து பிள்ளையாரை எடுத்தேன். ஜெயகிருஷ்ணன் முகத்தைச் சுளித்தான்.

"சாமி சமாச்சாரமெல்லாம் என் படத்துல வேண்டாம்க்கா."

வேண்டாமென்றால் வேண்டாம். ஆனால் வெறும் கேசட்டை ஓட்ட எனக்குக் கை வரவில்லை. காட்சிக்காகச் செல்வி கொண்டுவந்திருந்த அவள் அம்மா போட்டோவைச் சுவரில் சாய்த்து வைத்தேன். கறுப்பு வெள்ளை, நேராகப் பார்க்கிற கண். அதன் முன்னால் விளக்கேற்றிப் பத்து விநாடி எடுத்தேன். சாமிக்குக் கொடுக்கிற இடத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டேன். அதற்காக நான் இன்றுவரை வருத்தப்படவில்லை.

கட்டடத்துக்குள் எலிப் புழுக்கை நாற்றம் இருந்திருக்க வேண்டும். இல்லை. தீக்குச்சி மருந்து வாசனை அடித்தது. காலையில்தான் குழைத்து வைத்ததுபோல நெடி மூக்கில் ஏறியது. அழகிரிசாமி தும்மினார்.

செருப்பு, வேட்டி, கை எல்லாம் முடித்து, உள்ளே எடுக்க வேண்டிய கடைசி ஷாட்டுக்கு வரும்போது மணி பன்னிரண்டு. கொலைகாரன் கண்ணாகக் கேமரா போக வேண்டும். நான்தான் கொலைகாரன். வாசலிலிருந்து மெதுவாக நடக்க வேண்டும். நடு அறையில் ஸ்டூலில் செல்வி, முன்னால் வாபஸ் காகிதம். கிட்டே போனதும் தலையை நிமிர்த்தி, "போடமாட்டேன்" என்பாள். அதோடு கட்.

ஹெட்போனை மாட்டினேன்.

டக். டக். டக்.

கழற்றினேன். அமைதி. வெளியே காற்றுகூட இல்லை. மாட்டினேன். டக், டக், டக். சின்னதாக ஓர் இடைவெளி. மறுபடி மூன்று.

"செல்வி, நீ எதையாவது தட்டுதியா?"

அவள் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். ஹெட்போனை அவள் காதில் வைத்தேன். கொஞ்ச நேரம் கேட்டாள். அவள் கண் ஓரம் நனைந்தது.

"குச்சி அடுக்கி முடிச்சதும் மரச்சட்டத்தத் தட்டுவாகக்கா. எல்லாரும் ரெண்டு தட்டு. எங்கம்மா மட்டும் மூணு தட்டுவா."

"பயமா இருந்தா நிப்பாட்டிருவோம் ஏட்டி."

"எங்கம்மாவுக்கு நான் ஏன் பயப்படணும்? பயப்பட வேண்டிய ஆளு வேற. நீங்க எடுங்க."

ஒரே டேக். நான் நடந்தேன், அவள் நிமிர்ந்தாள், "போடமாட்டேன்" என்றாள். நடிப்பென்று சொல்லமுடியாது. எனக்கே கேமராவைக் கீழே போட்டுவிட்டு மன்னிப்புக் கேட்கலாம்போல இருந்தது. கட் சொன்னதும் மூன்று விநாடி விட்டு நிறுத்தினேன். சிவப்பு விளக்கு அணைந்ததைப் பார்த்தேன். லென்ஸை மூடினேன். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் பண்ணுவேன்.

மறுநாள் காலை ஸ்டுடியோவில் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். செல்வியும் ஜெயகிருஷ்ணனும் பக்கத்தில் இருந்தார்கள். "போடமாட்டேன்" வந்தது. மூன்று விநாடி. அதற்கடுத்து வெளியே எடுத்த கிணற்று ஷாட் வர வேண்டும்.

வரவில்லை.

அதே அறை வந்தது. ஆனால் ஸ்டூலில் உட்கார்ந்து மேலே பார்க்கிற உயரத்திலிருந்து. நாங்கள் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஷாட்கூட எடுக்கவில்லை. சுவரில் சுண்ணாம்பு புதிதாக இருந்தது. ஓடு சரியாமல் இருந்தது. வாசல் வெளிச்சத்தில் ஒரு செருப்பு, அப்புறம் வேட்டிக் கரை, அப்புறம் மோதிரக் கை. ஜெயகிருஷ்ணன் நோட்டில் எழுதியிருந்த அதே வரிசை. அங்கே நின்றிருக்க வேண்டும்.

நிற்கவில்லை. பார்வை மேலே ஏறியது. முகம் வந்தது.

கண்ணபிரான். தலைமுடி கறுப்பாக இருந்த கண்ணபிரான்.

"கையெழுத்தப் போட்டுட்டு வீட்டுக்குப் போ" என்றது அந்த முகம். டக், டக், டக் என்று மூன்று தட்டு. படம் அறுந்தது. பதினோரு விநாடி. டேப்பில் ஓடுகிற நேர எண் ஓரிடத்திலும் விட்டுப்போகாமல் வரிசையாக இருந்தது.

ஜெயகிருஷ்ணனுக்கு உதடு வெளுத்துவிட்டது. "இத வெட்டிருங்கக்கா. வில்லன் முகத்தக் காட்டக் கூடாதுங்கதுதான் இந்த மாதிரிப் படத்துக்கு..."

"காட்டக் கூடாதா, காட்டப் பயமா? எதுன்னு சொல்லிட்டு வெட்டச் சொல்லு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பாவம், அவன்மேல் கோபப்பட்டு என்ன செய்ய. கண்ணபிரான் வீட்டம்மா அந்தத் தடவையும் பஞ்சாயத்துத் தேர்தலில் நின்றார். சுவரெல்லாம் அவர் பெயர்.

செல்வி மூன்று தடவை போடச் சொல்லிப் பார்த்தாள். அழவில்லை.

"ஊர் முழுக்கத் தெரியும்க்கா. பத்து வருஷமா ஒருத்தர் வாயத் திறக்கல. இத சோளங்குளத்து ஆளுக எல்லாரும் ஒண்ணா உக்காந்து பாக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"பாப்பாங்க" என்றேன். சொன்னது சொன்னதுதான்.

அடுத்த ஞாயிறு காலை, கோவில்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் குறும்பட விழா. எங்கள் படத்தை அங்கேதான் போடுவதாக இருந்தது. அதற்கு மூன்று நாள் முன்னால், வியாழக்கிழமை மத்தியானம், கண்ணபிரான் ஸ்டுடியோவுக்கு வந்தார். கூட இரண்டு பேர். வெள்ளை வேட்டி, அதே மோதிரம். அவர் மகள் கல்யாணத்தை நான்தான் எடுத்திருந்தேன், ஒன்பது கேசட்.

"நல்லா இருக்கியா தாயி? நம்ம ஆபீசுல படம் பிடிச்சியாமே. ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"பூட்டிக் கெடக்க எடந்தான அண்ணாச்சி."

"நீ எடுத்தா ஒரு முகம் விட்டுப்போகாது. அதான் கேட்டேன். போட்டுக் காட்டு, பாப்போம்."

போட்டேன். வேண்டுமென்றேதான் போட்டேன். நாற்காலியில் சாய்ந்து, காலை ஆட்டிக்கொண்டு பார்த்தார். செல்வி நிமிர்ந்து, "போடமாட்டேன்" என்றபோது லேசாகச் சிரித்தார். அந்தப் பதினோரு விநாடி வந்தது. கால் ஆடுவது நின்றது.

மருந்து வாசனை என் சின்ன ஸ்டுடியோ முழுக்க நிறைந்தது.

அவர் என்னிடம் கேட்பதுபோல இல்லாமல், மெதுவாகச் சொன்னார்.

"அன்னைக்கு அங்கன கேமராவே கிடையாதே."

சொன்னது அவர் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். முகம் இறுகியது. ஜெயகிருஷ்ணன் படமாக இருந்தால் மேசைக்கடியில் ஒரு ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருக்கும். என்னிடம் ஒன்றும் இல்லை. இரண்டு காதுதான் இருந்தது.

"எல்லாத்தையும் எடுங்கலே" என்றார். கூட வந்தவர்கள் கம்ப்யூட்டரைப் பிடுங்கினார்கள். அலமாரியிலிருந்த கேசட்டெல்லாம் சாக்கில் போனது. யார் யாருடைய கல்யாணமோ, யார் யாருடைய காதுகுத்தோ, எல்லாம் போனது. குறுக்கே விழுந்தேன். ஒருவன் தள்ளினான், முழங்கைத் தோல் பெயர்ந்தது. வாசலில் நின்று கண்ணபிரான், "ஞாயித்துக்கிழமை நானும் வாரேன். முன் வரிசையில உக்காந்து பாக்கேன், என்ன படம் போடுதீங்கன்னு" என்றார்.

கேமரா மட்டும் தப்பியது. ஓட்டப்பிடாரத்தில் ஒரு விசேஷத்துக்கு அதை எடுத்துக்கொண்டு அழகிரிசாமி போயிருந்தார். சாயங்காலம் வந்து காலி ஸ்டுடியோவைப் பார்த்தார். என் முழங்கையைப் பார்த்தார். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவர் அவ்வளவு கோபமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"ஞாயித்துக்கிழமை போறோம். அவன் வந்து பாக்கட்டும்."

"எதப் போடன்னு போக? படமே இல்லையே."

செல்விதான் சொன்னாள். "கேமரா இருக்குல்லாக்கா. கேசட் புதுசு ஒண்ணு வாங்குவோம். அன்னைக்கு நீங்க எப்படி ஆரம்பிச்சீங்களோ அப்படி ஆரம்பிங்க. மிச்சத்த அவ பாத்துக்கிடுவா."

பைத்தியக்காரத்தனம்தான். அந்த நாளில் எனக்குப் புத்தி தேவைப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. மண்டபத்து மாடி ஜன்னல்களில் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். சோளங்குளத்திலிருந்து முதல் பஸ்ஸில் நாற்பது பெண்கள் வந்திருந்தார்கள். எல்லாரும் அந்தக் காலத்தில் சுடலையம்மாளோடு உட்கார்ந்து குச்சி அடுக்கியவர்கள். செல்வி வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டிருந்தாள். முன் வரிசை நடுவில் கண்ணபிரான். ஜெயகிருஷ்ணன் மைக்கில் இரண்டு வார்த்தை பேசினான், குரல் நடுங்கியது. ஆனாலும் வந்து நின்றான், அதைச் சொல்ல வேண்டும்.

நான் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி புதுக் கேசட்டின் உறையைப் பிரித்தேன். போட்டோவை வைத்து விளக்கேற்றினேன். பத்து விநாடி எடுத்தேன். டேப்பை முதலுக்குச் சுற்றி, கேமராவைப் புரொஜெக்டரில் செருகி, பட்டனை அமுக்கினேன்.

திரையில் விளக்கு, போட்டோ. பத்து விநாடி.

நீலம். வெறும் நீலம். காலி டேப்புக்கு அப்படித்தான் வரும்.

கண்ணபிரான் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

டக்.

டக்.

டக்.

பெண்கள் வரிசையில் யாரோ, "சுடல" என்று முனகினார்கள்.

செருப்பு வந்தது. வேட்டிக் கரை வந்தது. முகம் வந்தது. "கையெழுத்தப் போட்டுட்டு வீட்டுக்குப் போ." இந்தத் தடவை பதினோரு விநாடியில் அறுபடவில்லை. "போடமாட்டேன்" என்று ஒரு குரல். செல்வி குரல் இல்லை. மோதிரக் கை முன்னால் வந்தது. படம் ஒரே குலுக்காகச் சாய்ந்தது. பிறகு தரை. தரையில் சிதறிய தீக்குச்சிகள். தரை நகர ஆரம்பித்தது. தலைமுடியைப் பிடித்து இழுத்தால் கண்ணுக்குத் தரை எப்படி நகருமோ அப்படி. நிலைப்படி. வெயில். கருவேலம். கிணற்றுக் கல்.



வானம் சுழன்றது. தண்ணீர்ச் சத்தம். இருட்டிலிருந்து மேலே பார்த்தால் வட்டமாக ஒரு வெளிச்சம். அந்த வட்டத்தின் ஓரத்தில் கண்ணபிரான் முகம், சின்னதாக, எட்டிப் பார்த்துக்கொண்டு.

அதோடு நின்றது. முகம் போகவில்லை.

"அணைங்கலே" என்று கத்தினார் கண்ணபிரான். அவருடைய ஆள் ஒருவன் ஓடிவந்து புரொஜெக்டர் ஒயரைப் பிடுங்கினான். புரொஜெக்டர் விளக்கு அணைந்தது. திரையில் வட்டம் போகவில்லை. அந்த வெளிச்சத்தில் முன் வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் முகம் எல்லாருக்கும் நன்றாகத் தெரிந்தது.

அந்தப் பெண்களில் முதலில் எழுந்தது முத்துத்தாய். அறுபது வயசிருக்கும்.

"அன்னைக்கு இவரு உள்ள போனத நான் பாத்தேன். சுடல கத்துனத நான் கேட்டேன். எங்க கேக்கணுமோ அங்கன வந்து சொல்லுதேன்."

அடுத்து சொர்ணத்தாய் எழுந்தாள். அப்புறம் ஒவ்வொருத்தியாக. செல்வி அப்போதுதான் அழுதாள், பத்து வருஷ அழுகையும் சேர்த்து. கண்ணபிரான் வெளியே போக எழுந்தபோது அந்த நாற்பது பேரும் வழியில் நின்றார்கள். யாரும் அவரைத் தொடவில்லை. வழிவிடவும் இல்லை.

அந்தப் பெண்கள் கொடுத்த வாக்குமூலத்தின்மேல் போலீசார் வழக்கைத் திரும்ப எடுத்தார்கள். கண்ணபிரான் உள்ளே போனார். கேசட்டையும் கேட்டு வாங்கினார்கள். மூன்று மாதம் கழித்து, காலி டேப் என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் போட்டால் காலி. நாங்கள் போட்டால் ஓடுகிறது. அதற்கு நான் என்ன செய்ய?

மாதம் ஒருமுறை நானும் செல்வியும் உட்கார்ந்து பார்க்கிறோம். மத்தியானம், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. ஒவ்வொரு தடவையும் முடிவு கொஞ்சம் நீளமாகிறது. ஒரு விநாடி, இரண்டு விநாடி. கிணற்று வட்டத்தில் கண்ணபிரான் முகம் அப்படியே இருக்கிறது.

நேற்றுப் பார்த்தபோது, அவருக்கு வலது பக்கம் இன்னொரு தலை எட்டிப் பார்க்க ஆரம்பித்திருக்கிறது. முடியும் நெற்றியும்தான் இதுவரை தெரிகிறது. புருவம் வரவில்லை.

யாராக இருந்தாலும் அவருக்குச் சொல்லிவைக்கிறேன். அது அறுபது நிமிஷக் கேசட். இன்னும் நிறைய டேப் இருக்கிறது.